தலைவனா, தலையெடுப்பவனா?

ஏப்ரல் 27, 2025. மலேசியா, பட்டர்வொர்த் வாசகி ஒருவரின் கேள்வி

மகனுக்கு ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம் முடிவு வந்துவிட்டது. ஏழு ஏ. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் சங்கம், விளையாட்டு போன்றவற்றுக்கான புறப்பாட மதிப்பெண் பத்துக்கு 5.8. மூன்று ஆண்டுகளாகத் திங்கள், புதன், வெள்ளி மதியம் என் மாமியாரை டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துப் போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்ப அழைத்து வந்தவன் அவன்தான். நானும் அவன் அப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளியில் புறப்பாட நடவடிக்கை புதன்கிழமை. "தலைமைத்துவம் குறைவு" என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். பிள்ளை தலைவனாக இருந்தானா என்று பார்க்கிறவர்கள், இனித் தலையெடுப்பானா என்று ஏன் பார்ப்பதில்லை?

ஏப்ரல் 27, இரவு

அந்த மதிப்பெண்ணைப் பத்தொன்பது ஆண்டுகள் போட்ட கை என்னுடையது. பள்ளியில் முதலுதவி பழக்கும் செம்பிறைச் சங்கத்துக்குப் பொறுப்பாசிரியை. ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: அந்தப் படிவத்தில் "தலைமைத்துவம்" என்று எதையும் நான் அளந்ததே இல்லை. பதவியைத்தான் அளந்தேன். தலைவர் என்றால் முழுப் புள்ளி, அடுத்துச் செயலாளர், அப்புறம் செயலவை, கடைசியில் வெறும் உறுப்பினர். அது போக வருகை, கலந்துகொண்ட போட்டி பள்ளி அளவா, மாவட்ட அளவா, மாநில அளவா என்ற கணக்கு. வருகைக்குத்தான் பெரிய பங்கு. புதன்கிழமை வர முடியாத பிள்ளை, படிவத்தைத் திறக்கும் முன்பே தோற்றுவிட்டான்.

இது எவ்வளவு வலிக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ என்ற பொது விண்ணப்பத்தில் கல்விக்கு 90, புறப்பாடத்துக்கு 10. பி.என்.ஜி.கே, அதாவது சராசரித் தரப்புள்ளி, நான்குக்கு 4.00 எடுத்த பிள்ளைக்குக் கல்விப் பகுதியில் முழு 90. புறப்பாடம் 6.5 என்றால் மொத்தம் 96.5. 3.92 எடுத்த பிள்ளைக்கு 88.2. அவளுக்குப் புறப்பாடம் 9.1 என்றால் மொத்தம் 97.3. எல்லாப் பாடத்திலும் முழுப் புள்ளி வாங்கியவள் பின்னால் நிற்பாள். மருந்தியல், பல் மருத்துவம் போன்ற படிப்புகளில் கடைசி இருபது இடங்களுக்கு 0.8 புள்ளி என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அந்தப் பத்தையும் எடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது என்பேன்.

ஏப்ரல் 28, காலை

திருத்தம். நேற்று நான் போட்டது ஆறாம் படிவம் முடித்து எழுதும் எஸ்.டி.பி.எம் தேர்வின் கணக்கு. எஸ்.பி.எம் முடித்தவர்களுக்குக் கல்விப் பகுதியைக் கணக்கிடும் முறை வேறு, 90க்கு 10 என்ற பிரிப்பு மட்டும் ஒன்றே. தூக்கக் கலக்கத்தில் எழுதியது. எண்கள் சரி, ஆள்தான் மாறிவிட்டது. மூன்று பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள், நான்காமவர் சிரமப்பட வேண்டாம்.

ஏப்ரல் 28, இரவு

சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் அண்ணன் கோபமாக எழுதியிருக்கிறார். அவருடைய மகள் யார் முகத்தையும் பார்த்துப் பேசாத பிள்ளையாம். பள்ளியில் வற்புறுத்தி அணித் தலைவியாக்கினார்கள். முதல் மாதம் வீட்டுக்கு வந்து அழுதாள், ஆறாம் மாதம் நாற்பது பேரை வரிசையில் நிறுத்திக் குரல் கொடுத்தாள். "பதவிதான் என் பிள்ளையை வளர்த்தது. நீங்கள் அதைப் பறிக்கப் பார்க்கிறீர்கள், டீச்சர்" என்கிறார்.

அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதுவும் எனக்கே நடந்த உண்மை. நான்காம் படிவத்தில் என்னை வகுப்புத் தலைவியாகப் போட்டார்கள், காரணம் நான் உயரமாக இருந்தேன் என்பதுதான். கரும்பலகைக்கு முன்னால் நின்று சத்தம் போடுகிறவர்களின் பெயரை எழுத வேண்டும். முதல் வாரம் ஒரு பெயரும் எழுதவில்லை. இரண்டாம் வாரம் என் உயிர்த் தோழியின் பெயரை எழுதினேன், ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. நியாயத்துக்கும் நட்புக்கும் நடுவில் நிற்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு சுண்ணாம்புக் கட்டி.

ஆகவே நேற்றைய கேள்வியையே சற்றுத் திருப்ப வேண்டியிருக்கிறது. பதவி பிள்ளையை வளர்க்கும் என்றால் பதவியை யாருக்குக் கொடுக்க வேண்டும்? வளர வேண்டியவனுக்குத்தானே? நாங்கள் கொடுத்ததோ ஏற்கெனவே வளர்ந்தவனுக்கு. மேடையில் கூச்சமில்லாதவன், அப்பா காரில் வந்து அழைத்துப் போகிறவன், மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகிறவன். உடம்பு தேறியவனுக்கே மருந்தையும் கொடுத்துவிட்டு, "பார், எவ்வளவு ஆரோக்கியம்" என்று அவனுக்கு மதிப்பெண்ணும் போட்டோம்.

பத்தை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். பாதிதான்.

ஏப்ரல் 30

சான்றிதழ்க் கோப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். கண்ணாடித்தாள் உறைகள் போட்ட அந்தத் தடித்த கோப்பு. நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளை அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவான். நான் பார்த்ததிலேயே தடித்தது நான்கு விரல் கனம். உள்ளே ஒரு சான்றிதழ், "தலைமைத்துவ முகாமின் நிறைவு விழாவில் கலந்துகொண்டதற்காக". முகாமுக்குப் போகவில்லை, நிறைவு விழாவுக்கு மட்டும் போயிருக்கிறான். விருந்து நன்றாக இருந்ததாம்.

மே 2

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் சங்கத்தில் ஒரு பெண் இருந்தாள். ஊரும் பேரும் வேண்டாம். முதலுதவிப் போட்டி என்றால் முக்கோணக் கட்டுத்துணிகள் நாற்பது ஐம்பது கொண்டுபோவோம். போட்டி முடிந்ததும் அவை மேசைமேல் குப்பையாகக் கிடக்கும், பிள்ளைகள் எல்லாரும் பரிசளிப்புக்கு ஓடிவிடுவார்கள். இவள் மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் உதறி, கூர்முனையை அடிப்பக்கத்துக்குக் கொண்டுவந்து, இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, விரலால் அழுத்தி அடுக்குவாள். கறை பட்டதைத் தனியாக எடுத்து வைப்பாள். அடுத்த வாரம் அவை துவைத்து வந்திருக்கும். யார் துவைத்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. வருகைப் பதிவேடும் அவள் எழுத்தில்தான் இருக்கும், செயலாளர் என்று வேறொருவன் பெயர் இருந்தாலும்.

அந்த ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் பதவிக்கு இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று அவள். மற்றவன் எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசினான். நன்றாகவே பேசினான். இவள் எழுந்து, "என்னால் முடிந்ததைச் செய்வேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் கை தூக்கினார்கள், வாக்கு ஏறக்குறைய சரிபாதி. முடிவு பொறுப்பாசிரியை கையில். நான் பேச்சாளனைத் தேர்ந்தெடுத்தேன். மாவட்டக் கூட்டங்களுக்கு அனுப்ப வேண்டும், பேசத் தெரிந்தவன் வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு உறுப்பினர் என்று புள்ளி போட்டேன். சட்டப்படி அதுதான் சரி. கட்டுத்துணி மடித்ததற்குப் படிவத்தில் இடமில்லை.

"சேவைப் பங்களிப்பு என்று ஒரு வரி உண்டே, டீச்சர்" என்று யாராவது கேட்கலாம். உண்டு. எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் போட்டு முடித்துவிடும் வரி அது. நான் அப்படித்தான் போட்டேன்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு ஜெலுத்தோங் சந்தையில் மீன் கடை முன்னால் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. என் மனத்தில் அந்த ஆண்டுக் கூட்டம் உறுத்திக்கொண்டே இருந்ததால், எப்படியோ பேச்சைக் கொண்டுவந்து, "உன்னைத் தலைவியாக்கியிருக்க வேண்டும்" என்று சொன்னேன். அவள் விழித்தாள். "தேர்தல் நடந்ததா டீச்சர்? எனக்கு நினைவில்லை. நீங்கள் ஒருநாள் வெள்ளைக் காலணி போடவில்லை என்று வெளியே நிற்க வைத்தீர்கள், அதுதான் நினைவிருக்கிறது."

என்ன பதில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கெம்போங் மீன் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

மே 2, சற்றுப் பின்

கெம்போங் என்று எழுதிவிட்டேன், கெம்பொங். கெம்புங். எப்படி எழுதினாலும் முள் அதிகம்.

மே 3

மேலே ஒருவர் கேட்கிறார்: "அப்படியானால் பதவியை விட்டுவிட்டு வளரும் தன்மையைப் பார்த்து இடம் கொடுக்கலாம், தீர்ந்தது." தீரவில்லை ஐயா. அதைப் பார்ப்பது யார் கண்?

இங்கே ஓர் அமைப்பின் உபகாரச் சம்பளத் தேர்வுக் குழுவில் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன். தொகை பெரிதில்லை, ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட். ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து நிமிடம். எதிர்காலத்தில் எப்படி வருவான் என்று நாங்கள் நால்வர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். கைரேகைக்காரன்கூடக் கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறான், நாங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னோம். பழைய குறிப்பேட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒரு பையனுக்கு நேரே நான் எழுதியிருப்பது: "மலர்ந்த முகம். முன்னுக்கு வருவான்." இன்னொருவனுக்கு: "இறுக்கமானவன்." அந்த இறுக்கமானவன் நிபோங் திபாலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தான் என்பது அதற்குக் கீழே வேறு மையில் இருக்கிறது, அருகில் உட்கார்ந்தவர் பிறகு சொல்லி நான் சேர்த்தது. விடியுமுன் எழுந்து, ஏதும் சாப்பிடாமல், இரண்டு பஸ் மாறி வந்தவனின் முகம் எப்படி மலரும்? மலர்ந்த முகத்தவன் எங்கள் குழுவில் இருந்த ஒருவருடைய அண்டை வீட்டுப் பிள்ளை. சம்பளம் அவனுக்குத்தான் போனது.

பெரிய இடத்துக் கதையும் இதுவேதான். 1922ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெல் யூத மாணவர்களை 15 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று யோசனை சொன்னார். அப்போது புதிதாகச் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யூதர்கள், தேர்வெழுதி வந்தவர்கள். வெளிப்படையான ஒதுக்கீட்டை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் வேறு வழி கிடைத்தது: மதிப்பெண் மட்டும் போதாது, குணநலன் பார்க்கிறோம், ஆளுமை பார்க்கிறோம், புகைப்படம் அனுப்பு, பரிந்துரைக் கடிதம் அனுப்பு. யூதர்களின் எண்ணிக்கை சொன்னபடி குறைந்தது. அளக்க முடியாத ஒன்றைக் கையில் வைத்திருப்பவன் வேண்டாதவனை வாசலிலேயே நிறுத்தலாம், காரணமும் சொல்ல வேண்டாம்.

தலைமைத்துவத்தைத் தேடும் பழக்கமும் அந்தப் பக்கத்தில் பழையதுதான். சிசில் ரோட்ஸ் 1902ல் இறந்தபோது விட்டுப்போன உயிலில், தம் பெயரில் உபகாரச் சம்பளம் பெறுகிறவனிடம் பள்ளி நாளிலேயே தலைமை தாங்கும் இயல்பு தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆப்பிரிக்காவில் பேரரசு கட்டியவருக்கு அது தேவைப்பட்டது. புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு முக்கோணக் கட்டுத்துணி மடிக்கும் பிள்ளையிடம் அது எதற்கு?

மே 4

"ஹார்வர்டைக் கொண்டுவந்து எங்களை ஏமாற்றாதீர்கள், நம் பிரச்சினை மெட்ரிகுலேஷன்" என்று ஒருவர். எஸ்.பி.எம் முடித்தவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் அரசு வகுப்பைச் சொல்கிறார். உண்மைதான். அங்கே நூற்றுக்கு 90 இடம் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும், 10 மற்றவர்களுக்கு. 2019ல் இடங்களை 25,000லிருந்து 40,000 ஆக்கியபோதும் விகிதம் அசையவில்லை. 2024ல்தான் எஸ்.பி.எம்மில் 10ஏ எடுத்த எல்லாருக்கும், எந்த இனமானாலும், இடம் என்று அறிவித்தார்கள். அது வேறு சண்டை, பெரிய சண்டை. ஏழு ஏ எடுத்த பிள்ளையின் அம்மா கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது. 90, 10 என்ற அதே இரண்டு எண்கள் இரண்டு இடத்திலும் வந்து நிற்பது மட்டும் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நம் நாட்டுக்கு வேறு எண் தெரியாது போல.

மே 10

தைப்பூசத்தின்போது பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் இருக்கும் தண்ணீர்ப் பந்தல்களை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு பதாகை, அதில் தலைவரின் படம், செயலாளரின் படம், உபயதாரர்களின் படம். இரதம் வரும் நேரம் தலைவர் மாலையோடு வந்து நிற்பார். பந்தலுக்குப் பின்னால் போனால் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பனிக்கட்டி மூட்டைகளுக்கு நடுவில் நிற்பான். எத்தனை மூட்டை மிச்சம், இரதம் இப்போது எந்தத் தெருவில், எத்தனை மணிக்குக் கூட்டம் திரளும், சர்பத்தை எப்போது கலக்க வேண்டும், எல்லாம் அவன் தலையில். யாரையும் அதட்டமாட்டான். "மாமா, கோப்பை தீரப் போகிறது" என்பான், மாமா ஓடுவார். அவன் இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் பந்தல் நின்றுவிடும். தலைவர் இரண்டு ஆண்டு இல்லாவிட்டாலும் நடக்கும்.

இவனை எந்தப் படிவம் பிடிக்கும்? அமெரிக்கக் கல்லூரிகள் பல பயன்படுத்தும் பொது விண்ணப்பத்தில் பத்து நடவடிக்கைகளை எழுத இடம் தருகிறார்கள். அதில் சம்பள வேலை ஒரு வகை, குடும்பப் பொறுப்பு ஒரு வகை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றும் கேட்கிறார்கள். டயாலிசிஸ் மையத்தில் வாரம் பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்தவன் அங்கே அதை எழுதலாம். போக வரக் கூட்டினால் பதினைந்து. நம் பள்ளிகளில் எந்தச் சங்கத்துக்கும் இவ்வளவு வருகை தந்த தலைவனை நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் செய்தது வேறு மாதிரி. 2020லிருந்து மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பையன் தலைவனா, முகம் மலர்ந்ததா என்ற பேச்சே இல்லை, நீட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு, எங்கிருந்து புறப்பட்டான் என்று மட்டும் பார்க்கிறார்கள். அதைக் காட்டப் பள்ளிச் சான்றே போதும், யாரும் முகத்தைப் பார்த்து ஏமாற முடியாது. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. முதல் நாள் பத்தை எடுத்துவிடு என்றேன், பிறகு பாதி வை என்றேன். இப்போது சொல்வது: பத்து இருக்கட்டும், அதில் பதவிக்குப் போகும் பங்கை எடுத்து, வீட்டில் செலவான மணி நேரத்துக்குக் கொடுங்கள். மையத்துக்காரர் முத்திரை வைத்துக் கடிதம் தருவார். நான் சான்றிதழ் நகல்களில் "உண்மை நகல்" முத்திரை குத்திக் குத்தியே கட்டைவிரல் தேய்ந்தவள், இன்னொரு கடிதம் பாரமில்லை.

மே 11

ஈப்போ அன்பருக்கு: ஆமாம், தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்ததற்குச் சான்றிதழ் அடித்துக் கொடுக்கும் சங்கங்கள் வந்துவிட்டன. எனக்கும் தெரியும். அடுத்த ஆண்டு பனிக்கட்டிக்குப் பக்கத்தில் நாற்பது பையன்கள் நிற்பார்கள், பையில் கைபேசி, தலைவர் ஒவ்வொருவரோடும் படம் எடுத்துக்கொள்வார். எதை அளக்கத் தொடங்கினாலும் அதற்கு ஒரு சந்தை கூடிவிடுகிறது. என் நேற்றைய யோசனைக்கும் கூடும்.

மே 17

பட்டர்வொர்த் அம்மா மறுபடி எழுதியிருக்கிறார். என் யோசனையை மகனிடம் படித்துக் காட்டினாராம். அவன் சொன்னது அப்படியே: "பாட்டியை அழைத்துப் போனதற்குப் புள்ளி வாங்கினால், புள்ளிக்காகப் பாட்டியை அழைத்துப் போன மாதிரி ஆகிவிடும். பாட்டி கேட்டால் என்ன நினைப்பாள்?"

மூன்று வாரமாக நான் எழுதியதையெல்லாம் ஒரே வரியில் கிழித்துப் போட்டுவிட்டான். இரண்டு முறை பதில் எழுதி அழித்தேன். பதினெட்டு வயதில் இப்படிப் பேசுகிறவனை அந்தப் படிவத்தில் எந்த வரியில் போடுவது? போட்டால் அவனுக்குப் பிடிக்காது. போடாவிட்டால் 5.8.

அம்மாவுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பையன் சொல்வது மானமுள்ளவன் பேச்சு, மதிக்கிறேன். ஆனால் சுங்கை பட்டாணி அண்ணனின் மகள் தலைமைப் பதவிக்குப் புள்ளி வாங்கியபோது, புள்ளிக்காகத்தான் குரல் கொடுத்தாள் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. வீட்டு வேலைக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்? அவனிடம் நான் கேட்டதாகக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

மே 18

அண்ணன் எழுதியிருக்கிறார், மகளைக் கேட்டாராம். "முதல் மாதம் புள்ளிக்காகத்தான்" என்றாளாம்.

ஜூன் 2

கடைசி நிலவரம் கேட்கிறவர்களுக்கு. பையன் ஆறாம் படிவத்துக்குப் போக முடிவு செய்திருக்கிறான். ஏப்ரல் மாதம் நான் தவறாகப் போட்ட எஸ்.டி.பி.எம் கணக்கு இப்போது அவனுக்கே பொருந்தும். பள்ளிக்கு விசாரிக்கப் போனபோது என்ன பாடம், எந்த ஆசிரியர் என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்க, இவன் கேட்ட ஒரே கேள்வி, புறப்பாடம் எந்தக் கிழமை என்பது. புதன்தான்.

டயாலிசிஸ் மையத்தில் செவ்வாய், வியாழன், சனி முறைக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இடம் காலியாக வேண்டும். பட்டியலில் பாட்டி நான்காவது.